நூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் பக்கம் வரை

டாக்டரம்மா டாக்டர் இல்லை. மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்பக்கத்து இருட்டறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கண்ணுக்கு எத்தனை பவர் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. வெள்ளைக் கோட்டு போட்டிருப்பாள், கையில் சின்ன டார்ச் இருக்கும், அது போதாதா? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு பெரியவர் "டாக்டரம்மா" என்று கூப்பிட்டு வைத்தார். வியாபாரத்துக்கு நல்லதுதானே என்று முதலாளியும் திருத்தாமல் விட்டார். பதினோரு வருஷம் "நான் டாக்டர் இல்லீங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே வாய் வலித்துப்போனது.

இது ஊர் வைத்த பட்டம். அவளாகவே வைத்துக்கொண்ட பட்டம் வேறொன்று உண்டு: எழுத்தாளர். அதைத்தான் ஒருவரும் சட்டை செய்யவில்லை.

நாலு வருஷம், தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு துப்பறியும் நாவல் எழுதினாள். பெயர் 'ஈரமான ரசீது'. ஒரு சலவைக்கடை முதலாளி தன் கடையிலேயே, துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் செத்துக் கிடக்கிறார். அவர் சட்டைப் பையில் நனைந்துபோன ஒரு ரசீது. சந்தேகப்பட நாலு பேர்: இஸ்திரி போடுகிறவர், கணக்கு எழுதும் பெண், வண்டி ஓட்டி, முதலாளியின் தங்கை. கதையில் ஒரு முத்தம் கிடையாது, ஒரு பாட்டு கிடையாது. ஆனால் சலவைக்கடையின் ஒவ்வொரு பொத்தானும் இருக்கும். அதற்காகவே ஒரு சலவைக்கடையில் போய் மூன்று மாதம் வெட்டியாக உட்கார்ந்திருந்தாள்.

பதிப்பாளர்கள் பதில் போடவில்லை. சரி, நாமே போட்டுக்கொள்வோம் என்று இணையத்தில் ஒரு புத்தகக் கடையில் ஏற்றினாள். அவள் ஏற்றிய அதே வாரத்தில், அதே துப்பறியும் பிரிவில், மேலும் ஆறாயிரம் புத்தகங்கள் ஏறியிருந்தன. பெரும்பாலானவை இயந்திரம் எழுதியவை. காலையில் பொத்தானை அழுத்தினால் மத்தியானத்துக்குள் பத்து நாவல், அட்டைப்படத்தோடு. ஒன்பதாம் நாள் அவள் தன் புத்தகத்தையே தேடிப் பார்த்தபோது முதலில் வந்தது 'ரத்த ரசீது', அடுத்து 'ரசீது சொன்ன ரகசியம்', அதற்கடுத்து 'ரசீது: ஒரு மர்மம்'. எல்லாவற்றிலும் செத்துப்போனது ஒரு சலவைக்கடை முதலாளி. அவளுடையது பதினேழாவதாக எட்டிப் பார்த்தது.

ஆனால் விமர்சனங்கள் வந்தன! நாற்பத்தொன்று, எல்லாம் ஐந்து நட்சத்திரம். அன்றைக்கு அவள் தலைகால் புரியாமல் குதித்து, குளிர்பதனப் பெட்டி பழுதுபார்க்கும் வேலையிலிருந்த கணவரைப் போனில் கூப்பிட்டு, பாதி வேலையில் வீட்டுக்கு வரவழைத்துவிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படித்தார்கள். "கதாநாயகனின் தூய காதல் கண்கலங்க வைத்தது" என்றது முதலாவது. "கடற்கரைக் காட்சிகளை ஆசிரியர் செதுக்கியிருக்கிறார்" என்றது இரண்டாவது. கதையில் கதாநாயகனும் இல்லை, கடலும் இல்லை. நாற்பத்தொன்றில் ஒன்றுகூட இஸ்திரிப் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. இயந்திரம் எழுதிய புத்தகங்களுக்கு இயந்திரமே எழுதிவைத்த பாராட்டில் கொஞ்சம் இந்தப் பக்கமும் சிந்தியிருந்தது, அவ்வளவுதான்.

அவமானப்படுத்தியிருந்தால்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். திட்டுவதற்காவது ஒருவன் படித்திருக்க வேண்டுமே. இது அப்படியும் இல்லை. அன்றைக்கே புத்தகத்தை இணையத்திலிருந்து இறக்கிவிட்டு, இரண்டாவது நாவலின் தொண்ணூறு பக்கங்களையும் எடுத்து அலமாரியில் போட்டுப் பூட்டினாள். தனக்குத் தானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். சொந்தக்காரர் இல்லாத, சிநேகிதர் இல்லாத, முன்பின் தெரியாத ஆட்கள் 'ஈரமான ரசீ'தைக் கடைசிவரை படித்தார்கள் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் பூட்டைத் திறப்பது. இல்லாவிட்டால் காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குவது.

அதற்காகத்தான் முந்நூறு பிரதி அச்சடித்தாள். அச்சகத்தில் வேலை ஒழுங்காக நடந்தது. பைண்டிங் மட்டும் இரண்டு தெரு தள்ளி ஒருவரிடம் போனது. அவர் எப்போதும் விரலெல்லாம் பசையோடுதான் இருப்பார், அந்தத் தெருவில் அவருக்குப் பெயரே பசை. நல்ல மனிதர், ஆனால் வாய் ஓயாது, கண் மட்டும் அடிக்கடி ஓய்ந்துவிடும். வெள்ளெழுத்து வந்து ஆறு வருஷமாகியும் கண்ணாடி போடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர்.

புத்தகம் வந்த அன்று டாக்டரம்மா ஒரு பிரதியை எடுத்தாள். முதல் பக்கத்தைத் திறந்து, கையை நீட்டி, நாற்பது சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. மூடி வைத்துவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் கடைசிப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். இவளுக்குத் தொழில்புத்தி, எழுத்தின் அளவுதான் கண்ணில் பட்டது.

புத்தகம் தயார். படிக்கிறவர்களை எங்கே போய்த் தேடுவது? தேடாமலேயே வந்தார்கள்.

கடையில் படிக்கும் பார்வையைச் சோதிக்க ஒரு அட்டை உண்டு. பல் தேய்ப்பது எப்படி என்று நாலு பத்தி, பெரிய எழுத்தில் தொடங்கிப் பொடி எழுத்தில் முடியும். ஒரு நாள் அது எங்கேயோ தொலைந்துபோய், வாடிக்கையாளரோ அவசரத்தில் இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், மேலே ஏறிவிட்டால் வெகுதூரத்துப் பெட்டி தெரிகிறது, கையிலிருக்கும் தாள் தெரியவில்லை என்று வந்திருந்தார். டாக்டரம்மா சட்டென்று கைப்பையிலிருந்து தன் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தை நீட்டினாள்.

"இதைப் படிங்க. தெளிவா இருக்கா?"

அவர் படித்தார். அவள் லென்ஸை மாற்றினாள். இன்னும் படித்தார்.

"போதும் சார். ப்ளஸ் ஒன்றரை."

"ஒரு நிமிஷம் இருங்க" என்று அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "பாக்கெட்ல என்ன இருந்ததுன்னு பார்த்துக்கறேன்." பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள், அவள் அசையவில்லை. மூன்றாம் பக்கம் முடித்ததும் கிரேன்காரர் தலை நிமிர்ந்து, "இந்தப் புத்தகம் எங்க கிடைக்கும்?" என்றார். "இங்கதான்" என்று சொல்லும்போது அவள் குரல் அவளுக்கே கிரீச்சென்று கேட்டது.

பல் தேய்க்கும் அட்டை மறுநாள் கிடைத்தது. அதை அவள் மறுபடி தொலைத்துவிட்டாள்.

அன்றுமுதல் வெள்ளெழுத்தோடு வந்த எல்லாரும் சலவைக்கடையில் பிணத்தைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணாடி வாங்கினார்கள். அவளும் நேர்மைக்காரி, தான் எழுதியது என்று வாயைத் திறக்கவில்லை. 'போதும்' என்றதும் கொடுத்துவிட்டால் வாங்கி வைத்துக்கொள்வாள். தானாகப் பக்கத்தைத் திருப்பினால் மட்டும் விற்பாள். பத்துப் பேரில் மூன்று பேர், சில நாள் நாலு பேர் திருப்பினார்கள். முதலாளி மூக்கை நுழைத்து, "இது கண்ணாடிக் கடையா, புத்தகக் கடையா?" என்று கேட்டுப் பார்த்தார். கதை பாதியில் நிற்கும் அவசரத்தில் ஜனங்கள் ஃபிரேமைப் பற்றி அரைமணி பேரம் பேசாமல் கிளம்புவதைக் கண்டதும் அந்தக் கேள்வியைக் கைவிட்டார்.

இரண்டு மாதத்தில் நூற்று நாற்பது பிரதி போனது. அதற்கப்புறம்? சத்தமே இல்லை. இரண்டாம் பக்கத்திலேயே போன் நம்பர் போட்டிருந்தாள், ஒருவரும் கூப்பிடவில்லை. வாங்கினவர்களெல்லாம் படித்துவிடுகிற உலகமா இது? ஆறுதலாக இருந்தது கணவர் ஒருவர்தான். அச்சுப் பிரதியை ஒரே வாரத்தில் படித்து முடித்ததாகச் சொல்லி, "முடிவு பிரமாதம்! நான் எதிர்பார்க்கவே இல்ல" என்று தோளைத் தட்டியிருந்தார். ஆனால் கணவர் கணக்கில் வரமாட்டார், அவள் போட்ட விதி அப்படி.

ஒரு புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்த நேரத்தில் போன் அடித்தது. பின்னால் காற்று ஊளையிடும் சத்தம்.

"மேடம், உள்ள நின்னுட்டிருந்தது யாரு?"

"நீங்க யாரு பேசறீங்க?"

"கிரேன். ப்ளஸ் ஒன்றரை. குரல் தெரியுதே, எழுதினதும் நீங்கதானா? இப்ப கேபின்ல இருக்கேன், சாப்பாட்டு நேரம். கதவு திறந்ததுன்னு போட்டிருக்கு. 'உள்ளே நின்றிருந்தது'ன்னு போட்டிருக்கு. அதோட அட்டை வந்துடுது. இது என்ன, புது மாதிரி இலக்கியமா? நாங்களே யோசிச்சுக்கணுமா? அப்படின்னா சொல்லிடுங்க, மனசைத் தேத்திக்கறேன்."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனைக் காதில் வைத்தபடியே அலமாரிக்கு ஓடி ஒரு பிரதியை எடுத்தாள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் பக்கம். 'கதவு திறந்தது. உள்ளே நின்றிருந்தது'. அடுத்தது பின்னட்டை. இன்னொரு பிரதி, அதிலும் அப்படியே. மூன்றாவது, நாலாவது, பத்தாவது. கடைசிப் பதினாறு பக்கம், அதாவது முழுசாக ஒரு ஃபாரம், எதிலும் இல்லை. கொலைகாரர் யார் என்று தெரியாமலேயே நூற்று நாற்பது புத்தகங்கள் ஊருக்குள் போயிருந்தன.

அந்த இடத்தில் வேறு யாராவது என்றால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். அவளும் கையைத் தலைக்குக் கொண்டுபோனாள். பாதி வழியில் அது நின்றுவிட்டது.

"சார், நீங்க நூத்தித் தொண்ணூத்திரண்டாம் பக்கம் வரைக்கும் படிச்சீங்களா?"

"படிக்காமலா கேக்கறேன்?"

"எல்லாப் பக்கத்தையும்?"

"இஸ்திரிக்காரர் சூடு பட்ட கையைச் சட்டையில துடைக்கிற இடத்தை ரெண்டு தடவை."

டாக்டரம்மா கடைக்குள் ஒரு சுற்றுச் சுற்றினாள். அப்புறம் இன்னொரு சுற்று. முதலாளி மயக்கம் வருகிறதா என்று கேட்டார். "படிச்சிருக்காரு! கடைசிவரை படிச்சிருக்காரு! கடைசி இல்லேன்னு கண்டுபிடிச்சிருக்காரு!" என்று அவரைப் பிடித்து உலுக்கினாள். முதலாளிக்கு எதுவும் புரியாவிட்டாலும் நல்ல செய்திதான் போலிருக்கிறது என்று சிரித்துவைத்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கணவரிடம் இனிமையாகவே கேட்டாள். "ஏங்க, முடிவு பிரமாதம்னீங்களே, எந்த இடம் ரொம்பப் பிடிச்சிருந்தது?"

"கடைசி இடம்தான். அந்த... மாட்டிக்கிற இடம்."

"யார் மாட்டிக்கிறது?"

மனிதர் சுவரைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். அவள் புத்தகத்தைத் திறந்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தை அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். குட்டு வெளிப்பட்டுவிட்டது. "பாதி வரைக்கும் நிஜமாவே படிச்சேன்" என்றார் பரிதாபமாக. இன்னொரு நாள் என்றால் வீடு ரெண்டுபட்டிருக்கும். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் மன்னித்துவிட்டாள். பாதி என்பது நாற்பத்தொரு பேரைவிட அதிகம்தானே.

மறுநாள் காலையிலேயே பசையின் பட்டறைக்குப் போய் நின்றாள். அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, பதின்மூன்று ஃபாரமும் சேர்த்துத் தைத்ததாகச் சத்தியம் பண்ணினார். மூலையில் பரீட்சைத் தாள் கட்டுகள் அடுக்கியிருந்தன. அவள் அதில் மேல் வரிசையை நகர்த்தினாள். அடியில், மடித்த மடிப்புக் கலையாமல், முந்நூறு கடைசி ஃபாரமும் சமர்த்தாகப் படுத்திருந்தன.

பசை நாக்கைக் கடித்துக்கொண்டார். "மிச்சப் புத்தகத்துக்கு இன்னைக்கே ஒட்டிடறேன். வித்தது போனது போகட்டும்."

"வாங்கினவங்க நம்பர் எல்லாம் கடையில இருக்கு. சீட்டுல எழுதியிருக்கோம்."

"அப்ப நல்லதாப் போச்சு. எல்லாருக்கும் போன் போட்டு வரச் சொல்லிடுங்க."

அவளும் அதைத்தான் செய்வதாக இருந்தாள். கடைக்கு வந்து சீட்டுகளை எடுத்து, முதல் நம்பரை அழுத்தும் நேரத்தில் விரல் நின்றது. நாமே கூப்பிட்டால் நூற்று நாற்பது பேரும் "அப்படியா, சரிங்க" என்று வந்து வாங்கிப் போவார்கள். யார் படித்தார்கள், யார் புத்தகத்தைப் பாத்திரத்துக்கு மூடியாக வைத்திருக்கிறார்கள் என்று ஜென்மத்துக்கும் தெரியாது. அவர்களாகக் கூப்பிட்டால்? கூப்பிடுகிற ஒவ்வொருவரும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தைத் தொட்டவர். அதில் எந்த இயந்திரமும் நுழைந்து ஐந்து நட்சத்திரம் போட முடியாது. இதைவிட நிச்சயமான விமர்சனம் உலகத்தில் எங்கே கிடைக்கும்? செய்வது தப்பு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. காசு கொடுத்தவருக்கு முடிவைக் கொடுக்காமல் வைத்திருப்பது எந்த ஊர் நியாயம்? இருந்தாலும் ஒரு மாதம், ஒரே ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்போம், அப்புறம் எல்லாரையும் நாமே கூப்பிட்டுவிடுவோம் என்று போனைக் கீழே வைத்தாள்.

அந்த மாதத்தை அவள் என்றைக்கும் மறக்கமாட்டாள். தானாகக் கூப்பிட்டவர்களுக்கு மட்டும், பைண்டிங்கில் கடைசிப் பக்கங்கள் விட்டுப்போயின, மாதக் கடைசியில் தருகிறேன் என்று சொல்லிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் பிரிவில் வேலை. "மேடம், முதல்ல மன்னிப்புக் கேட்டுக்கறேன். உங்க புத்தகத்தை மூணாக் கிழிச்சிட்டேன். நாலு மணி நேரம் மெஷின்ல கட்டிப் படுத்திருக்காங்க, ஆளுக்கு ஒரு துண்டு குடுத்தாத்தான் சண்டை வராம இருக்கு. இப்ப மூணாவது துண்டை முடிச்சவர், மிச்சத்தைக் குடுத்தாத்தான் அடுத்த வாரம் வருவேங்கறாரு."

"கிழிங்க, நல்லாக் கிழிங்க!" என்றாள் டாக்டரம்மா. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

திங்கட்கிழமை கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு அம்மாள். வணக்கம்கூடச் சொல்லாமல் பத்து நிமிஷம் விளாசித் தள்ளினார். "கதவைத் திறந்து வெச்சுட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டா என்ன அர்த்தம்? பக்கத்துல ஒருத்தன் ரிவர்ஸ் எடுக்கறான், நான் அந்த ரசீதைப் பத்தி யோசிச்சிட்டிருக்கேன். சுவத்துல இடிச்சிட்டான். யார் பொறுப்பு?" அவ்வளவு திட்டும் காது குளிரக் கேட்டாள் டாக்டரம்மா. முடிந்ததும், இன்னொரு தரம் திட்டமாட்டாரா என்று இருந்தது.

அந்த அம்மாளுக்குத்தான் யோசனை தோன்றியது. டாக்டரம்மாவிடம் நம்பர் வாங்கி, கூப்பிட்டவர்களையெல்லாம் அவளோடு சேர்த்து 'உள்ளே யார்?' என்று ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தார். தினமும் அங்கே நீதிமன்றம் நடந்தது. கணக்கு எழுதும் பெண்தான் என்று நர்ஸ் அடித்துச் சொன்னாள். உலர்த்தும் இயந்திரத்தின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கிரேன்காரர் படம் வரைந்து போட்டார். எழுபத்தெட்டாம் பக்கத்தில் வண்டி ஓட்டி ஏன் இடது கையால் கையெழுத்துப் போடுகிறான் என்று ஒருவர் கேட்க, அந்த ஒரு கேள்விக்கு நூற்றுப்பத்துப் பதில். டாக்டரம்மா பேருந்தில் நின்றுகொண்டே அதைப் படிப்பாள், இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விடும். மாதக் கடைசியில் குழுவில் இருபத்தாறு பேர். அதில் ஒருவரையும் அவளுக்கு முன்பின் தெரியாது. பூட்டைத் திறக்கத்தான் வேண்டும் என்று ஏறக்குறைய முடிவுக்கே வந்துவிட்டாள். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பைண்டிங் பட்டறையில் கடைசிப் பதினாறு பக்கம் கிடைக்கும், புத்தகத்தோடு வரலாம் என்று குழுவில் எழுதினாள். இன்னும் கூப்பிடாதவர்களுக்குத் திங்கட்கிழமை தானே போன் போடுவது என்றும் நினைத்துக்கொண்டாள்.

இடி வியாழக்கிழமை இறங்கியது. நர்ஸின் தம்பி, நல்ல பிள்ளை, அக்கா தவிக்கிறாளே என்று கதைச் சுருக்கத்தை இயந்திரத்திடம் கொடுத்து முடிவு எழுதித் தரச் சொல்லியிருக்கிறான். அரை நிமிஷத்தில் அது எழுதிக் கொடுத்துவிட்டது. அதை நர்ஸ் குழுவில் போட்டாள். மளமளவென்று கட்டைவிரல்கள் உயர்ந்தன.

டாக்டரம்மா கடையின் இருட்டறையில் உட்கார்ந்து படித்தாள். உள்ளே நின்றிருந்தது முதலாளியின் தங்கை. வெளியே மழை பெய்கிறது. தங்கை அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாள், இஸ்திரிக்காரர் அவள் தலையில் கைவைக்கிறார், ரசீது காய்ந்துவிடுகிறது. தப்பு சொல்ல ஒரு வரி இல்லை. மோசமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். நன்றாக இருந்ததுதான் வம்பு. முடிவு கைக்கு வந்துவிட்டது, அதுவும் இலவசமாக, உட்கார்ந்த இடத்துக்கே. ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எவர் வரப்போகிறார்? அன்று சாயங்காலம் குழுவில் ஒரு சத்தமும் இல்லை. வெள்ளியும் இல்லை, சனியும் இல்லை. நீதிமன்றம் கலைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதே முக்காலுக்கே அவளும் கணவரும் பட்டறையில் இருந்தார்கள். பசை இருபத்தாறு ஃபாரத்தை எண்ணி மேஜையில் அடுக்கி வைத்திருந்தார். அன்றைக்கென்று சலவைச் சட்டை வேறு.

பத்தடித்தது. ஒருவரும் இல்லை. பத்து மணி ஐந்து நிமிஷம். ஒரு சைக்கிள் வந்தது, போய்விட்டது. பத்து மணி பன்னிரண்டு நிமிஷம். "வழி தெரியாம சுத்தறாங்களோ என்னவோ" என்றார் கணவர். வாசலைப் பார்க்கக் கூடாது என்று அவள் பரீட்சைத் தாள் கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலமாரியில் இருக்கும் தொண்ணூறு பக்கம் அங்கேயே இருக்கட்டும் என்று அவள் மனசு சொல்லத் தொடங்கியிருந்தது.

"பைண்டிங் கடை இதுதானே?"

கிரேன்காரர். கக்கத்தில் புத்தகம், மூக்கில் அவள் கொடுத்த கண்ணாடி.

டாக்டரம்மா எழுந்த வேகத்தில் ஸ்டூல் விழுந்தது. முதலில் கேட்டது இதைத்தான்: "அந்த முடிவைப் படிக்கலையா நீங்க?"

"படிச்சேன். நல்லாத்தான் இருந்தது."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தங்கச்சியாத்தான் இருக்கும்னு நானும் நெனச்சிருந்தேன். அந்த ட்ரைவிங் அம்மாவும் அதான் நெனச்சாங்க. நாங்க நெனச்சதையே அது திருப்பிச் சொல்லிடுச்சு. எங்களுக்குத் தெரிஞ்சதைக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? நீங்க என்ன நெனச்சு வெச்சிருக்கீங்கன்னு தெரியணும். குழுவில எல்லாரும் கப்சிப்னு இருக்கறது ஏன்னு நெனைக்கிறீங்க? இன்னைக்கு உங்க முடிவு வருதே, யாராவது உளறிடப் போறாங்கன்னு பேச்சையே நிறுத்தி வெச்சிருக்கோம்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் வந்து நின்றது. மேலே 'கற்பவர்' என்று பலகை மாட்டிய கார். அதிலிருந்து அந்த அம்மாளோடு இன்னும் மூன்று பேர் இறங்கினார்கள், ஓட்டி வந்தவன் வியர்த்துக்கொட்டிக்கொண்டிருந்தான். பின்னாலேயே நர்ஸ், மூன்று துண்டுப் புத்தகத்தை ரப்பர் போட்டுக் கட்டி. அப்புறம் ஒவ்வொருவராக, இரண்டிரண்டு பேராக. மழையில் நனைந்து உப்பிப்போன ஒரு புத்தகம் வந்தது. ஓரமெல்லாம் பென்சிலால் கேள்வி எழுதிய ஒரு புத்தகம் வந்தது. ஒருவர் தன் மாமியாரையும் கூட்டிவந்திருந்தார், அவரும் படித்தாராம். பட்டறையில் இடம் போதவில்லை. பசை எண்ண ஆரம்பித்து, இருபத்தாறைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டு இன்னொரு கட்டைப் பிரித்தார்.

"புத்தகத்தை இப்படிக் குடுங்க, பத்து நிமிஷத்துல ஒட்டித் தந்துடறேன்" என்று அவர் கத்தினார்.

யார் கொடுத்தார்கள்? மடித்த ஃபாரத்தைக் கையில் வாங்கியதுதான் தாமதம், அவ்வளவு பேரும் திறக்கப் பார்த்தார்கள். திறக்கவில்லை. பைண்டிங் ஆகாத ஃபாரம் மேலேயும் பக்கத்திலும் ஒட்டிக்கொண்டே இருக்கும், மடிப்பை வெட்டினால்தான் பக்கம் பிரியும். "கத்தி! கத்தி இருக்கா?" என்று ஒரே கூச்சல். பசையின் கத்தி ஒன்று, ஸ்கேல் இரண்டு. மற்றவர்கள் காத்திருக்கவில்லை. ட்ரைவிங் அம்மாள் லைசென்ஸ் அட்டையால் கிழித்தார். நர்ஸ் கைப்பையிலிருந்து வார்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள். மாமியார் கொண்டை ஊசியை உருவினார்.

பிறகு சத்தம் அடங்கியது.

தாள் கட்டுகளின்மேல், படிக்கட்டில், காரின் திறந்த கதவோரம், சுவரில் சாய்ந்து நின்றபடி, எல்லாரும் படித்தார்கள். ஒருவர்கூட அவளிடம் பேச வரவில்லை, கையெழுத்துக் கேட்கவில்லை, அவள் அங்கே இருப்பதே மறந்துபோய்விட்டது. நாலு வருஷம் தனியாக உட்கார்ந்து எழுதியது இப்போது முப்பது முகங்களில் ஓடிக்கொண்டிருந்தது. கிரேன்காரரின் தோள் குலுங்கியது. நூற்றுத் தொண்ணூற்றேழாம் பக்கம், இஸ்திரிக்காரர் போலீஸ்காரரின் சட்டையைக் கழற்றச் சொல்லும் இடம். எழுதும்போது அவளும் அங்கேதான் சிரித்தாள். நர்ஸ் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், அப்படியென்றால் அவள் கதவுக்குள்ளே போய்விட்டாள். கொலைகாரர் யாரென்று இங்கே சொல்லும் உத்தேசம் இல்லை. ஆனால் ட்ரைவிங் அம்மாள் திடீரென்று தன் தொடையில் ஓங்கி அறைந்து, "அடிப்பாவி!" என்றார். அது மழையோ அழுகையோ இல்லாத ஒரு இடம்.

டாக்டரம்மாவால் தாங்க முடியவில்லை. அவள் அந்த அம்மாளிடம் ஓடினாள்.

"அந்த இடம் வந்துட்டீங்களா? எப்படி இருக்கு? நீங்க எதிர்பார்த்தீங்களா?"

"ஷ்ஷ்ஷ்!" என்றது கூட்டம் மொத்தமும்.

"கொஞ்சம் பேசாம இருங்கம்மா" என்று தலையை நிமிர்த்தாமலேயே மாமியார் அதட்டினார். "இங்க படிச்சிட்டிருக்கோம்ல!"